சபை மண்டபமும் யூஎன் கார்டும்: கதவை எதுவரை திறக்கலாம்?

பாகான் சபைச் செயலாளர் கேட்டது:

ஸ்தோத்திரம். பட்டர்வொர்த் பக்கம் ஒரு தமிழ்ச் சபை. ஞாயிறு தவிர மற்ற நாளெல்லாம் மண்டபம் பூட்டித்தான் கிடக்கிறது. மியன்மாரிலிருந்து வந்த குடும்பங்களுக்கு அதைத் திறந்துவிடலாமா என்று அடுத்த மாதக் குழுக்கூட்டத்தில் பேச்சு எழும். இப்போதே மூன்று கட்சி. ஒரு கட்சி ரோமர் 13-ஐ விரித்து வைத்துக்கொண்டு, சட்டத்தை மீறி வந்தவனுக்கு இடம் கொடுப்பதே பாவம் என்கிறது. இன்னொரு கட்சி மத்தேயு 25-ஐ வைத்து, இன்று ராத்திரியே பாய் விரிக்கலாம் என்கிறது. மூன்றாவது கட்சி கூட்டத்தில் வாயைத் திறக்காது. வெளியே மோட்டார் சைக்கிளை எடுக்கும்போதுதான் "அவங்க சண்டைக்காரங்க, பயமா இருக்கு" என்று வரும்.

கேட்பது இதுதான். சட்டம் உள்ளபடியே என்ன சொல்கிறது? வன்முறை, அடைக்கலம் இரண்டையும் வேதத்தில் எப்படிச் சேர்த்து வாசிப்பது? தங்குமிடமா, பள்ளிக்கூடமா, அரிசி மூட்டையா, எதில் முதலில் கை வைப்பது? பிரசங்கம் வேண்டாம், குழுவில் வைக்கும்படியான விவரம் தாருங்கள்.

---

சட்டப்பக்கம் பதில்:

ஐயா, பாய் விரிக்கச் சொல்பவர்களை முதலில் உட்கார வைத்து இதைக் காட்டுங்கள்.

1951 அகதிகள் உடன்படிக்கையில் மலேசியா கையெழுத்திடவில்லை, 1967 நெறிமுறையிலும் இல்லை. அதனால் குடிநுழைவுச் சட்டம் 1959/63-இன் கண்ணில் "அகதி" என்று ஓர் ஆள் கிடையாது. பெர்மிட் உள்ளவன், இல்லாதவன், அவ்வளவுதான். பெர்மிட் இல்லாமல் நுழைந்தால் 6(3) பிரிவின் கீழ் 10,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம் அல்லது 5 ஆண்டு வரை சிறை அல்லது இரண்டும், அதோடு 6 பிரம்படி வரை.

சபையைத் தொடுவது வேறு இரண்டு பிரிவுகள். 55E: ஓர் இடத்தைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் சட்டவிரோதக் குடியேறிகளை அங்கே இருக்க விட்டால் தலைக்கு 5,000 முதல் 30,000 வெள்ளி வரை அபராதம், அல்லது 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். "பொறுப்பில்" என்றால் சொந்தக்காரர் மட்டும் என்று நினைக்க வேண்டாம். சாவியும் நிர்வாகமும் யார் கையில் இருக்கிறதோ அவரையும் அது சேரும், அதாவது உங்களையும் போதகரையும். 56(1)(d) மறைத்து வைப்பதைப் பற்றியது. அது இன்னும் கனம்: தலைக்கு 10,000 முதல் 50,000 வெள்ளி, 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை, பிரம்படியும் உண்டு. எட்டுப் பேரை ஓர் இரவு தூங்க வைத்தால் கணக்கு என்ன ஆகும் என்று பொருளாளரையே பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

யூஎன் கார்டு, அதாவது ஐநா அகதிகள் நிறுவனமான யுஎன்எச்சிஆர் கொடுக்கும் அடையாள அட்டை, இந்தச் சட்டத்தை மாற்றாது. யுஎன்எச்சிஆர் 1975-இல், வியட்நாமியர் படகில் வந்த காலத்தில், இங்கே வேலை தொடங்கியது. இன்றுவரை அதன் கார்டுக்குக் குடிநுழைவுச் சட்டத்தில் இடமில்லை. ஆனால் தெருவில் நிறுத்தும் போலீஸ்காரர் பல நேரம் அந்தக் கார்டைப் பார்த்து விட்டுவிடுவார். விடாவிட்டால் யுஎன்எச்சிஆர் தலையிட ஒரு பிடி கிடைக்கும். கார்டு உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் உள்ள வித்தியாசம் நடைமுறையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. அதனால் வரும் குடும்பத்திடம் கார்டு செல்லுமா, காலாவதியா என்று பாருங்கள். கியூஆர் குறியைப் படித்துச் சரிபார்க்க அவர்களுடைய செயலியே இருக்கிறது. இன்னொன்று: யுஎன்எச்சிஆரின் எல்லாச் சேவையும் இலவசம். "கார்டு எடுத்துத் தர்றேன்" என்று காசு கேட்கும் தரகன் சபை வாசலில் நிற்க ஆரம்பித்தால், உங்கள் மண்டபத்தின் பெயரைச் சொல்லித்தான் அவன் வசூல் பண்ணுவான்.

பகலில் வகுப்பு, மருத்துவ முகாம், உணவுப் பொருள் என்று வெளிப்படையாக நடத்தும் வேலைகள் நாடெங்கும் பல வருடமாக நடக்கின்றன. அதிலும் ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் இரவுத் தங்கலோடு ஒப்பிட்டால் அது வேறு தராசு. என் கருத்து: இரவுத் தங்கல் வேண்டாம். வீட்டு வாடகைக்கு உதவுவதானால் சபை பெயரில் ஒப்பந்தம் போடாதீர்கள். எதற்கும் கையெழுத்துக்கு முன்னால் ஒரு வழக்கறிஞரைக் கேளுங்கள்.

---

வேதபாட மேசை பதில்:

சட்டப்பக்கம் அண்ணன் சொன்னதை அப்படியே ஒப்புக்கொண்டு, ரோமர் 13 கட்சிக்கு வருகிறேன்.

வேதாகமத்தில் அதிகாரப் பிரிவுகள் போட்டது 13-ஆம் நூற்றாண்டில். பவுல் எழுதும்போது 12-க்கும் 13-க்கும் நடுவில் கோடு இல்லை. 12:19-இல் பழிவாங்குதல் உங்கள் வேலை இல்லை என்கிறார், 12:20-இல் சத்துரு பசியாயிருந்தால் போஜனம் கொடு என்கிறார், நாலு வசனம் தள்ளி 13:4-இல் பட்டயம் அதிகாரியின் கையில் இருக்கிறது என்கிறார். கிரேக்கத்தில் 12:19-இன் "பழி"க்கும் 13:4-இன் "பழிவாங்குகிறவன்" என்பதற்கும் ஒரே வேர்ச்சொல். அதாவது விசுவாசியின் கையிலிருந்து பட்டயத்தை வாங்கி வைக்கும் பேச்சு அது. பசித்தவனுக்குச் சோறு போடாதே என்று சொல்ல அந்தப் பகுதியை இழுப்பவர் 12:20-ஐத் தாண்டிக் குதித்துத்தான் 13:1-க்கு வர முடியும். வரி கட்டு, பயப்படவேண்டியவனுக்குப் பயப்படு என்று சொன்ன அதே கை, 13:10-இல் "அன்பானது பிறனுக்குப் பொல்லாங்கு செய்யாது" என்று முடிக்கிறது.

மறுபக்கம், அதிகாரிக்குக் கீழ்ப்படிய மறுத்த மருத்துவச்சிகளையும் வேதம் வைத்திருக்கிறது. யாத்திராகமம் 1-இல் சிப்பிராள், பூவாள். மனுஷரைவிட தேவனுக்குக் கீழ்ப்படியவேண்டும் என்கிற அப்போஸ்தலர் 5:29-உம் இருக்கிறது. ஆனால் இவற்றை உருவும்போது கவனம் வேண்டும். அந்த மருத்துவச்சிகள் தங்கள் தலையைத்தான் பணயம் வைத்தார்கள். சபைக்குழு "தேவனுக்குக் கீழ்ப்படிகிறோம்" என்று தீர்மானம் போட்டு, ரெய்டு வரும்போது தடுப்பு முகாமுக்குப் போவது அகதியாக இருந்தால், அது சிப்பிராள் செய்த காரியம் ஆகாது.

வன்முறையையும் அடைக்கலத்தையும் ஒரே இடத்தில் பார்க்க நான் கொடுப்பது எண்ணாகமம் 35, உபாகமம் 19, யோசுவா 20. அடைக்கலப் பட்டணம் ஆறு, யோர்தானுக்கு இப்பால் மூன்று, அப்பால் மூன்று. யாருக்கு? கைப்பிசகாய் ஒருவனைக் கொன்றவனுக்கு. அதாவது கையில் இரத்தம் பட்டவனுக்கே. எண்ணாகமம் 35:15 அந்நியனுக்கும் அதே பட்டணம் என்கிறது. அதில் நாலு காரியம் நடைமுறை. உபாகமம் 19:3 படி அங்கே போகும் வழியை முன்கூட்டியே செய்து வைக்கவேண்டும். யோசுவா 20:4 படி பட்டண வாசலில் மூப்பர்கள் அவன் காரியத்தைக் கேட்டபின் உள்ளே சேர்த்து, தங்க இடம் கொடுக்கவேண்டும். பழிவாங்க வந்தவன் கையில் ஒப்புக்கொடுக்கக் கூடாது. ஆனால் விசாரணை உண்டு. வேண்டுமென்று கொன்றவன் என்று தெரிந்தால் அடைக்கலம் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு திறக்கிற கதவும் இல்லை, பயந்து பூட்டுகிற கதவும் இல்லை. மூப்பர் வாசலில் உட்கார்ந்து கேட்கிற கதவு.

போர், படைபலம் பற்றிக் கேள்வி வந்தால் சுருக்கமாக இரண்டு வழி சொல்லலாம். போரை மறுக்கும் சபைகளான மெனோனைட்டுகள், குவேக்கர்கள், இயேசு பேதுருவிடம் பட்டயத்தை உறையில் போடச் சொன்னதை எல்லாருக்கும் எல்லாக் காலத்துக்கும் என்று எடுத்தார்கள். அகஸ்டின் வழிவந்த இறையியலாளர் அக்குவினாஸ், போருக்கு மூன்று நிபந்தனை வைத்தார்: அதிகாரமுள்ளவரின் ஆணை, நியாயமான காரணம், நேரான நோக்கம். எதை எடுத்தாலும் நிராயுதபாணியாக ஓடிவந்த குடும்பத்தை அடிக்க இடமில்லை.

மூன்றாவது கட்சிக்கு 2019 ஏப்ரல் 21-ஐ நினைவுபடுத்துங்கள். ஈஸ்டர் ஞாயிறு, இலங்கையில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், கட்டுவாப்பிட்டிய செபஸ்தியார் கோயில், மட்டக்களப்பு சீயோன் சபை மூன்றிலும் குண்டு வெடித்தது. அடுத்த நாட்களில் நீர்கொழும்பில் என்ன நடந்தது? குண்டு வைத்தவர்களோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத பாகிஸ்தான் அகதிகளை வாடகை வீட்டிலிருந்து துரத்தினார்கள். பெரும்பாலும் அகமதிய முஸ்லிம்கள், கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். பள்ளிவாசலிலும் போலீஸ் நிலையத்திலும் போய் ஒண்டினார்கள். தங்கள் ஊரில் வன்முறைக்குத் தப்பி வந்தவர்கள், இன்னொருவர் செய்த வன்முறைக்கு இரண்டாம் தரம் ஓடினார்கள். பயம் முதலில் அடிப்பது பக்கத்தில் இருப்பவனைத்தான், குற்றவாளியை இல்லை.

---

ஐந்தாம் மாடி பதில்:

எல்லாம் சரி. நம்ம பிள்ளைகளே குடியுரிமை இல்லாத சிவப்பு ஐசியோடும் (நிரந்தரவாசி அட்டை) ஐசியே இல்லாமலும் அலையுதுங்க. அதுக்கு முதல்ல மண்டபம் திறங்க. பிறகு பர்மாக்காரனைப் பார்ப்போம்.

---

வேதபாட மேசை பதில்:

ஐந்தாம் மாடி, இந்தக் கோபம் நியாயமானது. குழுவில் இதைச் சொல்பவரை வாயடைக்க வேண்டாம். லேவியராகமம் 19:34 "நீங்களும் எகிப்துதேசத்தில் அந்நியராயிருந்தீர்களே" என்று காரணம் சொல்கிறது. நமக்கு எகிப்து தூரம் இல்லை, தோட்டத்து லயம்தான். பத்திரம் இல்லாத நம் பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் எழுதக் கற்ற அதே கை, அகதிக்குப் படிவம் நிரப்பவும் உதவும். ஒரே மேசை, இரண்டு வரிசை போதும்.

---

செந்தூல் வகுப்பறை பதில்:

எதில் முதலில் கை வைப்பது என்று கேட்டீர்கள். பள்ளிக்கூடம். அகதிப் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியில் இடமில்லை, சமூகக் கல்வி மையம்தான் வழி. மண்டபம், பகல் நேரம், தமிழாசிரியர் ஓய்வு பெற்றவர்கள், இது மூன்றும் எந்தச் சபையிலும் இருக்கும்.

தொடங்குமுன் பக்கத்தில் ஏற்கெனவே மையம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதற்கு ஆசிரியரையும் காசையும் கொடுப்பது புதிதாகப் பலகை மாட்டுவதைவிட நல்லது. பினாங்கு மறைமாவட்டத்திலும் கோலாலம்பூர் உயர்மறைமாவட்டத்திலும் மனித மேம்பாட்டு அலுவலகம் இருக்கிறது. கத்தோலிக்கர் இல்லையென்றாலும் போய்க் கேட்கலாம்.

புதிதாகத் தொடங்கினால் 40 பிள்ளைக்குமேல் எடுக்காதீர்கள். ஒரு ஆசிரியருக்கு 20-க்குமேல் தாங்காது. வயதை வைத்துப் பிரிக்க முடியாது. 12 வயதுப் பிள்ளை எழுத்தே தெரியாமல் வரும், அதை 6 வயதுக் குழந்தையோடு உட்கார வைத்தால் இரண்டாம் வாரம் நின்றுவிடும். அதற்கு மூலையில் தனி மேசை, தனி ஆள். மலாய், ஆங்கிலம், கணிதம் மூன்றும் அடிப்படை. பெரிய பிள்ளைகளுக்கு எஸ்பிஎம் (ஐந்தாம் படிவ அரசுத் தேர்வு) வழி இல்லை, வசதியுள்ள மையங்கள் ஐஜிசிஎஸ்இ என்ற பிரிட்டிஷ் தேர்வுக்குப் போகின்றன, ஆனால் அந்தக் கட்டணம் சிறிய சபைக்கு எட்டாது.

எங்கே உடையும் என்றால் மூன்று இடம். ஒன்று, ஆசிரியர். இலவசமாக வருபவர் மூன்று மாதத்தில் களைத்துவிடுவார். படி கொடுங்கள், அகதிச் சமூகத்திலிருந்தே ஒரு உதவியாளரை வையுங்கள், மொழிக்கும் நம்பிக்கைக்கும் அவர்தான் பாலம். இரண்டு, வேன். நடந்து வருவது ரெய்டு பயத்தில் நின்றுபோகும். வேன் வாடகையை முதல் பட்ஜெட்டிலேயே போடாத மையம் பாதிப் பெஞ்சோடு நடக்கும். மூன்று, 13, 14 வயது. பையன் கட்டட வேலைக்குப் போவான், பெண்ணுக்குக் கல்யாணம் பேசுவார்கள். அந்த வயதில் வருகை விழுந்தால் அன்றே வீட்டுக்கு ஆள் அனுப்பவேண்டும், மாதக் கடைசியில் கணக்குப் பார்த்தால் பிள்ளை கை நழுவியிருக்கும்.

பாதுகாப்பு விதி எழுத்தில் இருக்கவேண்டும்: எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியாக மூடிய அறையில் இல்லை. கழிப்பறைக்குக் கூட்டிப்போவது இரண்டு பேர். வருகைப் பதிவில் முகவரி வேண்டாம், எண் போதும், பெயரும் எண்ணும் சேரும் பட்டியல் வேறு இடத்தில் பூட்டு. படம் எடுத்து சபையின் முகநூலில் போடவே கூடாது. நன்கொடையாளருக்குக் காட்ட ஆசை வரும், பிள்ளையின் அப்பா ஓடிவந்த ஆட்களுக்கும் அந்தப் படம் போய்ச் சேரும் என்று சொல்லுங்கள். பாலியல் தொல்லை தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அதுவே குற்றம், 5,000 வெள்ளி வரை அபராதம். பிள்ளை மலேசியரா இல்லையா என்பது அங்கே கேள்வியில்லை.

சாப்பாடு. 40 பிள்ளைக்கு காலை மீஹூன் (அரிசிச் சேமியா) என்றால் காய்ந்த மீஹூன் 3 கிலோ போதும், முட்டை 20 உடைத்து ஊற்றினால் யாரும் மிச்சம் வைக்கமாட்டார்கள். மியன்மார் முஸ்லிம்களான ரோஹிங்கியா பிள்ளைகள் இருந்தால் ஹலால் முத்திரை உள்ள பொருள் மட்டும், பன்றி சமைத்த சட்டியைத் தொடாதீர்கள். மியன்மாரின் சின் இனக் குடும்பங்கள் பன்றி சாப்பிடும், அவர்கள் பெரும்பாலும் கிறிஸ்தவர்கள். ஒரே மண்டபத்தில் இரண்டு சமூகமும் என்றால் சட்டியைத் தனியாக வைத்துவிடுங்கள், சண்டை அங்கிருந்துதான் தொடங்கும்.

---

பாகான் சபைச் செயலாளர் கேட்டது:

நன்றி. ரோஹிங்கியா குடும்பங்களோடு ஜெபம், வேதபாடம் எதுவரை?

---

சட்டப்பக்கம் பதில்:

எதுவுமே வேண்டாம். அரசியலமைப்பின் 11(4) முஸ்லிம்களிடையே பிற மதப் பிரசாரத்தைக் கட்டுப்படுத்த மாநிலங்களுக்கு அதிகாரம் தருகிறது. ஒரு துண்டுத்தாள் கொடுத்தாலே மையம் மூடும், முதலில் மாட்டுவது அந்தக் குடும்பம். அதைவிடப் பெரிய காரணம் நாணயம். அரிசிக்காகத் தலையாட்டும் நிலையில் ஒருவரை வைத்து ஜெபம் பண்ணக் கேட்பது நியாயமில்லை. மண்டபத்தில் சிலுவை இருந்தபடி இருக்கட்டும், அதை மறைக்கவும் வேண்டாம். பாடத்தில் பைபிள் கதை வேண்டாம்.

---

இரவு டியூட்டி பதில்:

ஒரு விஷயம் யாரும் தொடவில்லை. வன்முறை என்றதும் எல்லாரும் மியன்மாரைப் பார்க்கிறீர்கள். மண்டபத்துக்கு வரும் பெண்ணின் கையில் இருக்கும் காயம் நேற்று ராத்திரி வீட்டில் விழுந்ததாக இருக்கும். அப்போது "மறு கன்னத்தைக் காட்டு" என்று எந்த அக்காவும் சொல்லி அனுப்பிவிடக் கூடாது. மத்தேயு 5:39 வலது கன்னம் என்கிறது. வலக்கைக்காரன் ஒருவனை எதிரே நின்று வலது கன்னத்தில் அறையவேண்டுமென்றால் புறங்கையால்தான் முடியும். அது அவமானப்படுத்தும் அடி என்று விளக்குபவர்கள் உண்டு. எப்படி எடுத்தாலும் எலும்பு முறியும்வரை உட்கார்ந்திரு என்று அதில் இல்லை. தண்டனைச் சட்டத்தின் 97-ஆம் பிரிவே உடலைக் காத்துக்கொள்ளும் உரிமையைத் தருகிறது.

நடைமுறை: அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் ஓஎஸ்சிசி என்ற ஒரே இட நெருக்கடி உதவி மையம் உண்டு. கோலாலம்பூர் மருத்துவமனையில் 1994-இல் தொடங்கியது. டாக்டர், கவுன்சலர், போலீஸ் ஒரே இடத்தில் வருவார்கள். கார்டு உள்ளவருக்கு வெளிநாட்டவர் கட்டணத்தில் 50 விழுக்காடு தள்ளுபடி. நமக்குத் தெரிந்த ஒரு வெள்ளிச் சீட்டு இல்லை, வெளிநாட்டவர் கட்டணத்தில் பாதி என்பதை மறக்காதீர்கள், வார்டில் சேர்த்தால் தொகை ஏறும். கார்டே இல்லாதவர் என்றால் சிக்கல்: 2001-ஆம் ஆண்டின் சுகாதார அமைச்சுச் சுற்றறிக்கைப்படி பத்திரம் இல்லாத நோயாளியைப் பற்றி மருத்துவமனை தகவல் கொடுக்கவேண்டும். அதனால் அவரைத் தனியாக அனுப்பாதீர்கள். முதலில் பினாங்கில் டபிள்யூசிசி, கோலாலம்பூர் பக்கம் டபிள்யூஏஓ, பெண்களுக்கு உதவும் இந்த அமைப்புகளைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டு, அவர்களோடு போங்கள். உயிர் போகிற காயம் என்றால் மட்டும் யோசிக்காமல் நேரே அவசரப் பிரிவு. அரசின் உதவித் தொலைபேசி தாலியான் காசே 15999 எந்நேரமும் எடுக்கும்.

கணவனைக் கூப்பிட்டு மண்டபத்தில் சமரசம் பேசும் வழக்கம் நம் சபைகளில் உண்டு. அதை இங்கே செய்யவே வேண்டாம்.

---

செந்தூல் வகுப்பறை பதில்:

வாடகை பற்றி ஒரு கணக்கு, குழுவில் கேட்பார்கள். 900 வெள்ளி பிளாட் என்றால் இரண்டு மாத முன்பணம் 1,800, தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம் 450, முதல் மாதம் 900, கூட்டினால் 3,150. அகதிக் குடும்பம் சிக்கிக்கொள்வது மாத வாடகையில் இல்லை, இந்த 3,150-இல்தான். நல்ல சமாரியன் சத்திரக்காரன் கையில் இரண்டு பணத்தைக் கொடுத்து, மிச்சத்தைத் திரும்பி வரும்போது தருகிறேன் என்றான். அவன் அடிபட்டவனைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போகவில்லை, சத்திரக்காரன் கையில் ஒப்படைத்து, தொகையும் தவணையும் பேசிவிட்டுப் போனான். முன்பணத்தைத் தானமாகவோ, மாதம் 100 வெள்ளி திருப்பும் கடனாகவோ கொடுங்கள், ஆனால் கடன் என்றால் வட்டியில்லை, திருப்பாவிட்டால் துரத்தல் இல்லை என்று முதலிலேயே எழுதி வையுங்கள்.

---

சட்டப்பக்கம் பதில்:

கடைசியாக ரெய்டு. 2022 ஏப்ரல் 20-ஆம் தேதி சுங்கை பாக்காப் தற்காலிக முகாமிலிருந்து 528 ரோஹிங்கியா தப்பி ஓடினார்கள். ஜாவி அருகே நெடுஞ்சாலையைக் கடக்கும்போது வாகனம் மோதி 6 பேர் இறந்தார்கள், அதில் 2 பிள்ளைகள். உங்கள் மண்டபத்திலிருந்து அரைமணி நேரத் தூரம். 2019 ஆகஸ்டிலிருந்து தடுப்பு முகாம்களுக்குள் யுஎன்எச்சிஆருக்கு அனுமதி இல்லை. ஆகவே ஒருவர் முகாமுக்குள் போகுமுன், பிடிபட்ட முதல் சில மணி நேரத்தில்தான் எதையும் செய்ய முடியும். குடிமகனை 24 மணி நேரத்தில் மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோகவேண்டும், குடிநுழைவுச் சட்டத்தில் பிடிபட்ட வெளிநாட்டவருக்கு அரசியலமைப்பின் 5(4)-லேயே அது 14 நாள்.

மண்டப அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒரு தாள் ஒட்டுங்கள். அதிகாரிகள் வந்தால் பேசுபவர் ஒருவரே, அவர் பெயரும் மாற்று ஆள் பெயரும். யாரும் ஓடக்கூடாது, பின்கதவைத் திறக்கக்கூடாது, பொய் சொல்லக்கூடாது. அதிகாரியின் அடையாள அட்டையைப் பார்க்கக் கேட்கலாம், மரியாதையாக. பிடித்துப்போனால் நேரம், இடம், எந்தப் பாலாய் (போலீஸ் நிலையம்) அல்லது எந்த முகாம், கார்டு எண், அவர் சாப்பிடும் மருந்து, கூட வந்த பிள்ளைகள் யார் கையில் விடப்பட்டார்கள் என்பதை எழுதி, முதலில் யுஎன்எச்சிஆர், அடுத்து வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம். கார்டுகளின் நகல் முன்கூட்டியே பூட்டிய கோப்பில் இருக்கட்டும், ஏனென்றால் பிடிபடும் அன்று அசல் கார்டு பெரும்பாலும் வேறு சட்டைப் பையில் இருக்கும்.